கோசாலைச் சாணத்தில் 120 பேருக்குச் சோறு வேகுமா?

கேள்வி இதுதான்: ஊர்க் கோசாலையில் கன்றும் கறவையுமாக 35 உருப்படிகள். ஒட்டினாற்போல அன்னதானக் கூடம். தினம் மதியம் 120 பேர் சாப்பிடுகிறார்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஐந்து நாளுக்கு வருகிறது. சாண எரிவாயுவிலேயே சமைத்துவிட முடியுமா, எவ்வளவு பெரிய கலன் வேண்டும், எதெல்லாம் கெட்டுப்போகும்?

முடியும். ஆனால் கணக்கு இழுத்துப் பிடித்தாற்போலத்தான் வருகிறது. அதனால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் எடைத் தராசை எடுங்கள்.

மாட்டை எண்ணிக் கலன் கட்டுவதுதான் முதல் தப்பு. எண்ண வேண்டியது கைக்கு வந்து சேரும் சாணத்தை. கொட்டிலிலேயே கட்டிப் போட்டுத் தீனி போடும் பெரிய மாடு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ போடும், எருமை 15 கிலோ வரை. மேய்ச்சலுக்குப் போய்வரும் நாட்டு மாட்டின் சாணத்தில் பாதி மேய்ச்சல் நிலத்தில் விழுந்துவிடும். இரவு கட்டுத்தறியில் விழுவது ஐந்தாறு கிலோதான். கன்றுகள் கணக்குக்கே வராது. ஏழு நாள் தொடர்ந்து காலையில் அள்ளும் சாணத்தைக் கூடை கூடையாக நிறுத்துக் குறித்து வையுங்கள். ஏழில் மிகக் குறைந்த நாளின் எடையை வைத்துத் திட்டமிடுங்கள், சராசரியை வைத்து வேண்டாம். 35 உருப்படியில் சுமார் 225 கிலோ வரும் என்று இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

புதுச் சாணம் 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஆக 225 கிலோவுக்கு 9 கன மீட்டர். அதில் 55 முதல் 60 சதவீதம் மீத்தேன். மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. அதனால்தான் ஒரு கன மீட்டர் சாண எரிவாயுவின் வெப்பம் சுமார் 0.45 கிலோ சிலிண்டர் கேஸுக்குத்தான் சமம். இனி உங்கள் செலவைப் பாருங்கள். 19 கிலோ ஐந்து நாளுக்கு என்றால் நாளுக்கு 3.8 கிலோ. அதை 0.45ஆல் வகுத்தால் 8.4 கன மீட்டர். வரவு 9, செலவு 8.4. இவ்வளவு நெருக்கமான கணக்கில் ஒரு வாரம் நாலு மாடு மேய்ச்சலுக்குப் போனாலே அடுப்பு பாதியில் அணையும். ஒரு சிலிண்டரை எப்போதும் தயாராக வைத்துக்கொண்டு, முக்கால்வாசிச் சமையலைச் சாண எரிவாயுவுக்கு மாற்றுகிறோம் என்று நினைத்து இறங்குவதே நேர்மையான திட்டம்.

கலனின் கொள்ளளவு எளிய பெருக்கல். சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி; 225 கிலோவும் 225 லிட்டரும் சேர்ந்து தினம் 450 லிட்டர் கரைசல். தமிழ்நாட்டுச் சமவெளி வெக்கைக்கு அது 30 நாள் உள்ளே இருந்தாலே நன்றாகச் செரிக்கும். மார்கழி, தையையும் சேர்த்துப் பார்த்தால் 40 நாள் வைப்பது நல்லது. 450ஐ 40ஆல் பெருக்கினால் 18,000 லிட்டர், அதாவது 18 கன மீட்டர். 2.7 மீட்டர் விட்டமும் 3.2 மீட்டர் ஆழமும் உள்ள வட்டக் கிணறு போதும். ‘பெரிதாகக் கட்டிவிடுவோம், பின்னால் மாடு கூடும்’ என்று இரட்டிப்பாகக் கட்டாதீர்கள். சாணம் கூடாமல் கலன் மட்டும் பெரிதானால் வாயு கூடாது, பணம்தான் மண்ணுக்குள் போகும்.

வகை எது? கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்திலிருந்து பரப்பிவரும் மிதக்கும் டிரம் வகை ஒன்று; வாயுவைப் பிடிக்கும் டிரம் கரைசல்மேல் கவிழ்ந்து மிதக்கும். அதன் மூலவடிவம் ஜஷ்பாய் படேலுடையது. 1984இல் வந்த தீனபந்து என்ற செங்கல் குவிமாட வகை இன்னொன்று. வீட்டுக்குத் தீனபந்துதான் மலிவு, துருப்பிடிக்க இரும்பும் இல்லை. பொதுச் சமையற்கூடத்துக்கு டிரம்தான் என் தேர்வு. குவிமாடத்தில் அழுத்தம் காலையில் 90 செ.மீ. உயரத் தண்ணீரின் பாரத்துக்குச் சமமாக இருக்கும், சாம்பார் கொதிக்கும் நேரத்துக்கு இறங்கிப் போயிருக்கும். அண்டாவை வைத்துக்கொண்டு சுடரோடு மல்லுக்கட்ட வேண்டும். டிரம்மில் கடைசிவரை ஒரே அழுத்தம், 8 முதல் 10 செ.மீ. அதோடு, எவ்வளவு வாயு இருக்கிறது என்பது டிரம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதிலேயே தெரிந்துவிடும். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்று சிலிண்டர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். பெரிய குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு போய்விடும். அதைப் பழுதில்லாமல் எழுப்பத் தெரிந்த கொத்தனார் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

இரும்பு டிரம் வாங்கினால் ஆண்டுக்கு ஒருமுறை துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்க வேண்டும். கண்ணாடி இழை டிரம்முக்கு அந்த வேலை இல்லை. ஆனால் அது எடை குறைவு. 2.5 மீட்டர் விட்டமுள்ள டிரம் 10 செ.மீ. அழுத்தம் தர ஏறக்குறைய 490 கிலோ எடை மேலிருந்து அழுத்த வேண்டும். பற்றாத எடைக்கு கான்கிரீட் கட்டைகளை விளிம்பைச் சுற்றிச் சமமாக அடுக்குங்கள். ஒரு பக்கம் கனத்தால் டிரம் சாய்ந்து, அதை நேராக ஏறி இறங்கவைக்கும் வழிகாட்டிக் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

இவ்வளவு ஆழமான கிணற்றுக்கு நடுவில் ஒரு தடுப்புச் சுவர் அவசியம். உள்வரும் குழாய் ஒரு பக்கத்தின் அடியில் விடும். கரைசல் மேலே ஏறி, சுவரைத் தாண்டி, மறுபக்கத்தில் இறங்கி அடியிலிருந்து வெளியேறும். சுவர் இல்லையென்றால் இன்று ஊற்றியது குறுக்கே ஓடி நாளையே வெளியே வரும், 40 நாள் கணக்கு காகிதத்தில்தான் இருக்கும். முதல்முறை நிரப்பும்போது இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் பாரம் தாங்காமல் சுவர் பிளந்துவிடும். குடிதண்ணீர்க் கிணறு 15 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. மர நிழல் கூடாது, வேர் சுவரைத் துளைக்கும். சமையற்கூடம் 30 மீட்டருக்குள் இருந்தால் நல்லது.

இனி, பலரும் தவறவிடும் இடம். சந்தையில் வரும் டிரம்கள் ஒருநாள் வாயுவில் பாதியை, சற்றுக் கூடுதலாகப் பிடித்து வைக்கும் அளவில்தான் வரும். காலையும் மாலையும் சமைக்கும் வீட்டுக்கு அது சரி. அன்னதானக் கூடமோ ஒன்பது மணிக்குப் பற்றவைத்து பன்னிரண்டு மணிக்கு அணைத்துவிடும். நுண்ணுயிர்கள் மற்ற 21 மணி நேரமும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அந்த 21 மணி நேரத்தில் மட்டும் சுமார் 7.9 கன மீட்டர் வாயு உருவாகும். 5 கன மீட்டர் டிரம் இரவு ஒன்றரை மணிக்குள் நிரம்பிவிடும். மிச்சம் விளிம்பில் குமிழியிட்டுக் காற்றில் போகும். காலையில் வந்து பார்ப்பவர்களுக்கு டிரம் முழுசாக உயர்ந்து நிற்பதுதான் தெரியும், போனது தெரியாது. பிறகு ‘தினம் 9 கன மீட்டர் வாயு தரும் கலன் என்றார்கள், பாதிச் சமையலுக்கே தீர்ந்துவிடுகிறதே’ என்ற புகார் வரும். கலன் ஒரு பாவமும் செய்யவில்லை, சேமிப்புத்தான் போதவில்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, 4 கன மீட்டர் ரப்பர் துணிப் பை ஒன்றைக் கூடுதலாக இணைப்பது. அதை வெயில் படாத, எலி ஏறாத, நல்ல காற்றோட்டமுள்ள கொட்டகையில் வைக்க வேண்டும். பையில் அழுத்தம் இருக்காது. மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும், அல்லது எரிவாயுவுக்கென்றே செய்த சிறு ஊதி வேண்டும். சாதாரண காற்று ஊதியை மாட்டினால் அதன் மோட்டார்ப் பொறியே வெடிக்க வைக்கும். இரண்டாவது வழி செலவில்லாதது: மாலையில் கோசாலைப் பால் காய்ச்சுவது, மாட்டுக்குத் தீவனம் வேகவைப்பது, விடிகாலையில் இட்லிக் கொப்பரை என்று வேலையைப் பிரித்துவிடுவது. மதியச் சாப்பாடு மட்டும்தான் நோக்கம் என்றால் பைதான் வழி.

அடுப்பிலும் இதே கவனம் வேண்டும். சிலிண்டர் அடுப்பை அப்படியே இணைத்தால் எரியாது. சாண எரிவாயுவின் வெப்பமும் குறைவு, அழுத்தமும் குறைவு. அதே வெப்பத்துக்கு, வாயு வெளிவரும் நாசில் துளையின் பரப்பு ஆறு மடங்கு வேண்டும், விட்டம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. துளையைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, காற்று நுழையும் வாயும் மாற வேண்டும். சிலிண்டர் கேஸ் ஒரு பங்குக்கு 25 பங்கு காற்று கேட்கும், இதற்கு ஆறு பங்கு போதும். சாண எரிவாயுவுக்கென்றே செய்த பர்னரை வாங்குவதுதான் சரி.

எவ்வளவு பெரிய பர்னர்? 120 பேருக்குத் தலைக்கு 125 கிராம் அரிசி என்றால் 15 கிலோ, உலைத் தண்ணீர் 45 லிட்டர். மணிக்கு ஒரு கன மீட்டர் எரிக்கும் பர்னரில் இந்த உலை கொதிக்கவே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டு அடுப்பின் மணிக்கு 0.45 கன மீட்டரில் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். மணிக்கு 2 கன மீட்டர் எரிக்கும் பர்னர் இரண்டு, தாளிக்க ஒரு சின்னது. இதுவே உங்களுக்குத் தேவை. மூன்றும் சேர்ந்து எரியும்போது மணிக்கு ஐந்து கன மீட்டர் அளவில் ஓடும், ஆகவே குழாய் ஒன்றரை அங்குலம். அரை அங்குலக் குழாயைப் போட்டுவிட்டு அழுத்தம் வரவில்லை என்று டிரம்மில் கல் ஏற்றுகிறவர்கள் உண்டு. குற்றம் குழாயில் இருக்கிறது.

உலைத் தண்ணீரைச் சூரிய வெந்நீர்க் கலனில் 60 டிகிரிக்குக் காயவைத்துக் கொண்டுவந்தால், 30இலிருந்து 100 வரையுள்ள 70 டிகிரியில் 30 டிகிரியை வெயிலே தந்துவிடும். அண்டாவை மூடி சமைப்பதும், பருப்பை முந்தைய இரவே ஊறப்போடுவதும் பைசா செலவில்லாத சேமிப்பு. வரவும் செலவும் உரசிக்கொண்டு நிற்கும் உங்கள் கணக்கில் இவைதான் இடைவெளி தரும்.

தினசரி வேலை இப்படி. காலை அள்ளிய சாணம் அன்றே உள்ளே போக வேண்டும். வெயிலில் காய்ந்த சாணம் பாதி வாயுவை இழந்தது. 500 லிட்டர் கலவைத் தொட்டியின் வெளிவாயைக் கட்டையால் அடைத்து, சரிக்குச் சரி தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருந்தால் பதம் சரி. கையில் அள்ளி வழியவிட்டால் விரலில் மெல்லிய பூச்சு ஒட்டி நிற்க வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது. கொட்டில் கழுவிய தண்ணீரும் கோமியமும் கலந்து வருகிறது என்றால் அந்த அளவைக் கழித்துக்கொண்டு ஊற்றுங்கள். வைக்கோல் கூளம் மேலே மிதக்கும், வாரி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். அதற்குப் பிறகு கட்டையைத் திறந்து, மணலோடு அடியில் நிற்கும் கடைசிக் கொஞ்சத்தை உள்ளே விடாமல் வழித்து வெளியே கொட்டுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்தால் சில ஆண்டுகளில் கிணற்றின் அடியில் முழம் உயரத்துக்கு மணல் நிற்கும். டிரம்மைத் தினம் இரண்டு தடவை இடமும் வலமும் சுற்றிவிடுங்கள், மேலே படியும் ஆடை உடையும். இதெல்லாம் ஒருவருக்கு ஒன்றரை மணி நேர வேலை. அதற்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை வையுங்கள். சேவையாக முறை போட்டுச் செய்வோம் என்று தொடங்கிய கலன்கள் பெரும்பாலும் முறை மறந்த வாரத்தில்தான் நின்றிருக்கின்றன.

தொடக்கத்துக்குப் பாலுக்கு உறைமோர் போல ஒரு உறை வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கலன் ஒன்றிலிருந்து இரண்டாயிரம் லிட்டர் கழிவுக் கரைசல் கிடைத்தால் 18,000 லிட்டருக்குப் போதும். முழுதாக நிரப்ப 8 டன் சாணமாவது தேவை. கோசாலைச் சாணம் மட்டும் என்றால் மாதத்துக்கு மேலாகும். ஊர் வீடுகளில் ஒரு வாரம் கேட்டு வாங்குவதே நடைமுறை. நிரப்பியபின் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முதல்முறை டிரம் எழும்பியதும் பற்றவைக்காதீர்கள். அதில் காற்று கலந்திருக்கும், வெடிக்கும். கரியமில வாயுவும் அதிகம், எரியாது. வால்வைத் திறந்து முழுதாக வெளியே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி விட்டபின், கலனிலிருந்து தள்ளி, அடுப்பில்தான் பற்றவைத்துப் பார்க்க வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே என்று கேட்டீர்கள். டிரம் உயர்ந்திருக்கிறது, ஆனால் சுடர் துள்ளித் துள்ளி அணைகிறது என்றால் குழாயில் தண்ணீர். வாயு ஈரத்தோடு வருகிறது, இரவில் குளிர்ந்து நீராகிறது. குழாயை 100க்கு 1 சரிவில் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் அந்த நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறி வைத்து வாரம் ஒருமுறை வடிக்க வேண்டும். வளைகுழாய் நீர்ப்பொறி என்றால் நீர்மட்டம் 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது; குறைந்துகொண்டே போனால் 10 செ.மீ. அழுத்தத்து வாயு அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். சுடர் பர்னரை விட்டு மேலே எழும்பினால் காற்று அதிகம், மஞ்சளாகப் புகைந்தால் காற்று குறைவு. டிரம் இரவில் உயர்ந்து, யாரும் தொடாமலே காலைக்குள் இறங்கினால் கசிவு. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

வாயுவே குறைகிறது என்றால் பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்று குளிர், மார்கழியில் நாலில் ஒரு பங்கு குறைவதை எதிர்பார்க்கலாம். வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இரண்டாவது விஷம். கொட்டிலை ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தண்ணீர் ஒரு வாளி உள்ளே போனாலும் நுண்ணுயிர்கள் அடிவாங்கும். ஊசி மருந்து ஓடும் மாட்டின் சாணத்தையும், மருந்து நிறுத்திய பின் ஒரு வாரச் சாணத்தையும் தனியே உரக்குழியில் போடுங்கள். மூன்றாவது புளிப்பு, அன்னதானக் கூடங்களில் அடிக்கடி வருவது. மிஞ்சிய சோறு சாணத்தைவிடப் பல மடங்கு வாயு தரும் என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டு ஒரு விசேஷ நாளில் அண்டா அண்டாவாகக் கொட்டிவிடுவார்கள். சோற்றை அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் வேகமானவை, அமிலத்தை மீத்தேனாக்குபவை மெதுவானவை. அமிலம் தேங்கிப் புளித்த வாடை அடிக்கும், டிரம் உயரும், வாயு எரியாது. அமிலத்தன்மை காட்டும் pH காகிதத்தில் 6.8க்கும் 7.5க்கும் நடுவே காட்ட வேண்டும். 6.5க்குக் கீழே போனால் ஊற்றுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள், பிறகு சாணம் மட்டும் பாதி அளவில் தொடங்குங்கள். சோறும் கழுநீரும் சாண எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். எண்ணெய், எலுமிச்சைத் தோல், எச்சில் இலை உள்ளே போகவே கூடாது.

எந்தக் காரணத்துக்காகவும் யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. டிரம்மைத் தூக்கிவிட்டு, காலியாக்கி, நாள் கணக்கில் திறந்து வைத்த பிறகும் அடியில் பிராணவாயு இல்லாமல் இருக்கலாம். கிளறினால் நச்சு வாயு எழும். கழிவுநீர்த் தொட்டிகளில் ஆள் சாவது இதனால்தான், இரண்டாவது ஆள் சாவது முதல் ஆளைத் தூக்க இறங்குவதால்தான். தூர் வாருவது எந்திரத்தின் வேலை.

கடைசியாக, யாரும் கேட்காத விஷயம். தினம் 450 லிட்டர் உள்ளே போனால் ஏறக்குறைய அதே 450 லிட்டர் வெளியே வரும். அதற்கு இடம் யோசிக்காமல் கட்டினால் மூன்றாம் மாதம் கொசுவும் சேறும்தான். இரண்டு குழி வெட்டி மாற்றி மாற்றி நிரப்புங்கள். இலைச்சருகைப் பரப்பி அதன்மேல் விட்டால் ஈரத்தை இழுத்து எருவாகும். வடியும் நீரில் கொஞ்சத்தைக் கலவைத் தொட்டிக்குத் திருப்பினால் தண்ணீரும் மிச்சம், உறையும் சேரும். தென்னைக்கும் வாழைக்கும் வாய்க்காலில் கலந்து விடலாம். தழைச்சத்து போகாமல் இருக்கும், களை விதைகளில் பெரும்பகுதி செத்துப்போயிருக்கும். மீத்தேனாகப் போனது கரியும் ஹைட்ரஜனும்தான்.

வாயு எடுத்த பிறகும் எரு வீணாவதில்லை என்பதை ஊராருக்குச் சொல்ல வேண்டியது முக்கியம். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா மையம் ஊருக்கே பொதுக் கலன் அமைத்தது. வீட்டுக்கு வீடு சமையலுக்கு வாயு கொடுக்கச் சாணம் போதவில்லை. 1987இலிருந்து அதே வாயுவில் எந்திரம் ஓட்டி விளக்குக்கும் குடிநீருக்கும் பயன்படுத்தினார்கள். சாணம் கொடுத்த வீடுகளுக்குச் செரித்த எரு திரும்பிப் போனது. உங்கள் கோசாலைச் சாணத்தை இப்போது வண்டியில் ஏற்றிப் போகும் விவசாயிகள் யார் என்று முதலில் பாருங்கள். அவர்களுக்கு எந்தக் குழியிலிருந்து, வாரத்தில் எந்த நாள், எத்தனை வண்டி என்பதைக் கடைக்கால் தோண்டும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.